பாட்டு முடியட்டும்

ஏலக்காயைப் பச்சை மாறாமல் காயவைக்கப் பொறுமை வேண்டும், ஐயா. காய் காயவைக்கும் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். அடுப்பு வெளியே இருக்கும். அதன் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். தீ வைத்துவிட்டால் ஆண்டவனே வந்து கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. சூடு இறங்கினால் நிறம் போய்விடும், கீழே போடியில் ஏலம் விடும்போது ஒருத்தன் தொடமாட்டான். மலையில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும்.

தேவகிருபை என் மனைவி. அவளைப் போல் நல்லவளை நான் பார்த்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லாத குறை தெரியாமல் இருக்கட்டும் என்று ஐம்பத்தைந்தாம் வருஷம் நான்தான் பேட்டரியில் ஓடுகிற ரேடியோ வாங்கிக் கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். மத்தியானம் திருச்சி நிலையத்தில் மெல்லிசை வைப்பார்கள். வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து வாசிக்க, நடுநடுவே யாராவது பாடுவார்கள். இவளும் கூடவே பாடுவாள். வேதக்கோயிலில் ஞாயிறுதோறும் பாடிப் பழகிய குரல். அந்த நேரத்தில் எனக்குப் பசிக்கிறது என்றால்கூட அவள் காதில் ஏறாது.

ஒருநாள், "திருச்சி ரேடியோவுல பாடக் கூப்பிட்டிருக்காங்க. ஒரே ஒரு தடவ பாடிட்டு வெரசா வந்திர்றேங்க" என்றாள். போனால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் எடுத்துவைத்த பையைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு மாற்றுச் சேலை. மற்றதெல்லாம் அங்கே புதிதாக வாங்கிக்கொள்வாள் என்று புரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் அழுதேன், ஐயா. என்ன ஏது என்று கேட்காமல் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அவள் கிளம்ப வேண்டிய மத்தியானம், காய் சரியாகப் பரப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி ஸ்டோருக்குள் அனுப்பினேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். நானே அடுப்பில் தீ வைத்தேன். குழாயில் ஒரு மூட்டு விட்டிருந்தது. உள்ளே புகை கசியும். தகரவேலைக்காரனுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், வரவே இல்லை. அவனையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

பிறகு ரேடியோவை வெளியே கொண்டுவந்து சத்தத்தைக் கூட்டி, வேலையாட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களில் சோலைமலை எழுந்தான்.

"அண்ணே, ஸ்டோருக்குள்ள யாரோ தட்டுறாக."

"ரேடியோவுல மேளம்டா. உக்காரு."

"மதினி குரலும் கேக்குதுண்ணே."

"அது வீட்டுக்குள்ள இருந்து ரேடியோகூடப் பாடுது. தெனமுந்தான பாடுது? தீ வச்சாச்சு, கதவுப் பக்கம் போயிறாத."

அவன் கதவையே பார்த்தபடி நின்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. தீ வைத்த ஸ்டோரை எவன் திறப்பான்?

நான்தான் செய்தேன், மறுக்கவில்லை. கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் ஏற வேண்டிய போடி பஸ் போனதும் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பஸ்ஸும் போனது, நானும் எழுந்துவிட்டேன். அந்நேரம் பார்த்து அவளுக்கு ரொம்பப் பிடித்த பாட்டை வைத்தார்கள். உள்ளே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பாதியில் கெடுப்பானேன் என்று நானும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன்.