தலை சுத்தாத ஒரே ஆளு

...பின்ன கோவம் வராதுங்களா டாக்டரம்மா? உக்காருங்க, அந்தச் சாமை மூட்டை மேலயே உக்காருங்க. செங்கம் யாவாரிதான் வாணாம்னு திருப்பி வுட்டுட்டாரே, வேற இன்னாத்துக்கு ஆவும் அது? போன தபா வந்த உங்காளுங்க ரத்தம் எடுத்தாங்க, கொழாத் தண்ணி எடுத்தாங்க, சரி. சாமையிலயும் ஒரு பிடி கவர்ல போட்டுக்கினு போனாங்க பாருங்க, ஜமுனாமரத்தூர் சந்தை பூரா இதே பேச்சு. எங்க சாமையில வியாதி இருக்குதாம். அந்தச் சாமைக் கஞ்சிதான் எம்புள்ள தெனம் குடிக்கறான். கோழி பின்னாடி எப்பிடி ஓடறான் பாருங்க... டேய், வுடுடா அத.

இன்னா சொல்ல வந்தேன்... ஆங், தலை சுத்தல். தெருவுல பாதிப் பேருக்கு இருக்குது. சாந்தம்மா அக்கா கொடத்தத் தூக்கிக்கினு நிமிர்ந்துது, அப்பிடியே சாஞ்சிடுச்சு. குப்பம்மா அக்கா புளி பொறுக்கினு இருந்துட்டு எழுந்துச்சு, பொத்துனு வுழுந்துச்சு. இடுப்பு புடிச்சிக்கினு இன்னும் பாயிலதான் கெடக்குது. நான்தான் கஞ்சி கொண்டுபோய்ப் பாத்துக்கறேன்.

எங்க மாமனாரு ஒருத்தருதாங்க தலை சுத்தாதவரு. பிரஷர்காரரே அவருதான், அதான் வேடிக்க. புது மாத்திரை குடுத்து, ஒத்துக்குதா ஒத்துக்கலையான்னு உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து மாசாமாசம் வந்து கேக்கறாங்க இல்ல? நல்லா ஒத்துக்குதுன்னுதான் சொல்றாரு. ஒத்துக்காம இன்னா பண்ணும்? தலவலி போனதுமே நிறுத்திட்டாரே.

மாத்திரையா? வீணாக்குவேனா நானு? தோ, இந்த டப்பாவுலதான் கெடக்குது. தலவலின்னு யாரு வந்தாலும் அருவாமணையில பாதியா நறுக்கிக் குடுப்பேன். பலாப்பழம் அறுத்தா தெருவுக்கே சொளை போவுது, மாத்திரைய மட்டும் மூடி வச்சுக்கலாமா? தலை சுத்துதுன்னு திரும்பி வந்தா இன்னொரு பாதி. குப்பம்மா அக்கா பாவம்னு அதுக்கு மட்டும் முழுசு, காலையில கஞ்சியோட.

மலை ரோட்டுல வந்ததுல உங்களுக்கும் மூஞ்சி வாடிக் கெடக்குது. இந்தாங்க, ஒரு பாதி போட்டுக்...

ஏங்க, ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? டப்பாவ எங்க எடுத்துக்கினு ஓடறீங்க? மேடம்...

அப்போ... சாமை இல்லையா?

இருங்க, இருங்க, அந்தப் பக்கம் இல்ல, குப்பம்மா அக்கா வூடு இந்தச் சந்துல. நானும் வர்றேன். இன்னைக்கு மாத்திரைய இன்னும் முழுங்கியிருக்காதுங்க, கஞ்சி ஆறட்டும்னு பக்கத்துலயே வச்சிட்டு வந்தேன். அக்கா... குப்பம்மாக்கா... அதத் தொடாத, வர்றேன்.

மேடம், ஒண்ணே ஒண்ணு. தப்பு சாமை மேல இல்லன்னு அந்த யாவாரிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. யாரு மேலன்னு மட்டும் சொல்லவாணாம்.