கோடையில் கடுகளவு

இந்த நாற்காலி பரவாயில்லை ஐயா, என் முழங்காலுக்கு உயரம் சரியாக இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் என்னை 'ஒத்தைக்குத்து' என்பார்கள். மாதம் ஆறு பெண் ஓணான் பிடித்துவருவேன். மரப்பிடி போட்ட ஊசியால் பிடரியில் ஒரே குத்து, துடிக்காமல் அடங்கிவிடும். பிறகு வயிற்றைத் திறந்து, சினைப்பையை அளந்து எழுதி, உடலை மருந்துச் சீசாவில் போட்டு மாதத்தை எழுதி ஒட்டிவிடுவேன். பதினோரு வருஷம். கோடையில் சினைப்பை கடுகளவாகச் சுருங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் மஞ்சள் மஞ்சளாக முட்டை திரளும், முட்டை இறங்கும் குழாய் தடித்துக்கொள்ளும். இட்டு முடித்ததும் தொய்ந்து சுருங்கும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். என் வீட்டில் ஒரு கல்யாணம்கூடக் காலாகாலத்தில் நடந்ததில்லை.

கடுங்கோடையில் ஓணான் லேசில் சிக்காது. வெயிலில் அலைய முழங்காலும் இடம் கொடுக்கவில்லை. அதனால் மூன்று வருஷமாகக் குளிர்காலத்திலேயே ஆறைக் கூடுதலாகப் பிடித்து, மெழுகு உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்துக்கொண்டேன். வேளைக்குப் பூச்சி, தண்ணீர், விளக்கு வெளிச்சம். பாவம், அவற்றின் உடம்பு மழை வந்துவிட்டதென்று நம்பிவிட்டது. கோடையில் திறந்தால் வயிறு நிறைய முட்டை. நான் எது இருக்கவேண்டுமோ அதை எழுதினேன்: கடுகளவு. வெளியே திரிகிற ஓணானுக்கெல்லாம் அப்படித்தானே இருந்திருக்கும், இதில் பொய் எங்கே வந்தது?

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள். நல்ல பெண். என்னை அண்ணா என்பாள், கொண்டுவந்த சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு வைப்பாள். அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் கோடைச் சீசாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் விரித்திருந்தாள்.

"அண்ணா, இதுக்குள்ள முட்டை இருக்கே. நீங்க கடுகளவுன்னு எழுதியிருக்கீங்க."

"சீசா மாறியிருக்கும்மா."

"மூணு வருஷச் சீசாவையும் பாத்துட்டேன். என் ஆராய்ச்சியே உங்க அளவை நம்பித்தான் நிக்குது. பேராசிரியர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். கோவிச்சுக்காதீங்கண்ணா."

எனக்குக் கோபமே இல்லை. பதினோரு வருஷத்து மானம் ஒரு மதியத்தில் கப்பலேறப் போகிறதே என்ற வருத்தம்தான். அவளை நினைத்தும் வருந்தினேன். மூன்று வருஷ உழைப்பு வீணாய்ப் போவதை அந்தப் பிள்ளை எப்படித் தாங்குவாள்? அவள் மறுபடி தட்டின் மேல் குனிந்தாள். முடியைத் தூக்கி முடிந்திருந்தாள், பிடரி தெரிந்தது. ஊசி என் சட்டைப்பையில் இருந்தது.

இடம் எனக்குத் தெரியும். ஒரே குத்து. அவள் துடிக்கவில்லை. சீசாக்கள் உடைந்ததற்கு மேசைதான் காரணம், பழசு, தொட்டாலே ஆடும். என் கையில் இருக்கிற பல் தடம் ஓணான் கடித்தது. ரத்தம் கதவு வரைக்கும் போயிருந்ததென்றால், தரை வாட்டம் அந்தப் பக்கம். அவள் தவழ்ந்துபோனதாக நீங்கள் எழுதியிருப்பது தவறு. 'அண்ணா' என்று ஒருமுறை கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

நான்தான் கொன்றேன், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் பிணத்தை அறுத்துப் பார்த்த மருத்துவர் பதினேழு குத்து என்று எழுதியிருக்கிறாராம். அவர் திறந்ததும் கண்ணில் பட்டதை அப்படியே எழுதிவிட்டார், அனுபவம் போதாது. நீங்களாவது என் கைக்கு எத்தனை இருக்கவேண்டுமோ அதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

ஒன்று.