பன்னிரண்டாவது முள்

சாம்பார் சாதத்தை முள்கரண்டியால் சாப்பிட முடியாது. முயன்று பார்த்தவன் சொல்கிறேன். பருக்கை பல்லில் நிற்கும், குழம்பு தட்டுக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே நான் இவற்றைச் சாப்பிடுவதற்காகச் சேர்த்தேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், சப்-இன்ஸ்பெக்டர் ஐயா, அதை நம்ப வேண்டாம்.

நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதாயிற்று. ரைட்டர் எழுதினால் 'வெள்ளி ஸ்பூன்' என்று எழுதிவிடுவார். வேலம்மாள் கொடுத்த புகாரில் அப்படித்தான் இருக்கிறது. இது ஸ்பூன் இல்லை, முள். பாகூர் கடைத்தெருவில் முப்பது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் தெய்வநாயகம், செத்துப்போன கிழவியின் குடிசையில் திருடினான் என்று அவள் சொல்கிறாள். நான் திருடவில்லை. அதை உங்களுக்குப் புரியவைக்கத்தான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை முழுசாகக் கைகழுவியபோது, கடற்கரைப் பக்கத்து வீடுகள் பல, சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறின. பித்தளை வாங்கப் போன என் கையில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் நான்கு முட்களை வைத்தாள். ஒல்லாந்துக்காரன் நாகப்பட்டினத்தில் இருந்த காலத்து வெள்ளி. மூன்றே பல். பின்பக்கம் கிரீடம் வைத்த சிங்கம், பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி. மேசையில் வைக்கும்போது பல் கவிழ்ந்து, முத்திரை மேலே தெரிய வேண்டும் என்று அவள்தான் காட்டினாள். மொத்தம் பன்னிரண்டு, மற்றவை எங்கெங்கோ போய்விட்டன என்றாள்.

பத்து வருஷத்தில் பதினொன்று சேர்த்தேன். காரைக்கால் வரைக்கும் அலைந்தேன். தட்டுகள், உப்புக்கிண்ணம், சூப்பு அகப்பை என்று கூடவே வந்தவையும் உண்டு. மாடியில் தேக்கு மேசை போட்டுப் பன்னிரண்டு பேருக்கு விரித்து வைத்தேன். பன்னிரண்டாவது இடத்தில் முள் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் துணி. அதைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. கடையில் ஆள் நின்று விலை கேட்பான், என் காதில் விழாது. என் மனைவி கோகிலாம்பாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எந்த வெள்ளக்காரன் வாயில போன எச்சிலோ, அத்தப் போயி வூட்ல விரிச்சி வச்சிக்கினு அழுவுறீங்க," என்றாள் ஒருநாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு சுத்துக்கேணியில் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். "பன்னெண்டாவது வந்தா சொல்லியனுப்புங்க, வரேன்."

குத்தலாகச் சொன்னாள் என்று ஊரில் சிரிக்கிறார்கள். நான் அதை வாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இரண்டு வருஷம் நானே வடித்து நானே தின்றேன். தட்டான் மணவாளன் அச்சாக அதே மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்றான், செய்தும் தந்தான். சிங்கம்கூட அப்படியே இருந்தது. ஆனால் கட்டிய மனைவியை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அசல் பக்கத்து ஊரான செலியமேட்டில் இருந்தது. அந்த மதாம் வீட்டில் சமையல் செய்த ஆரோக்கியத்துக்கு, கப்பல் ஏறுமுன் மதாமே கொடுத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குச் சோமாசி செய்யும்போது மாவின் ஓரத்தை அழுத்த ஆரோக்கியம் அதை எடுப்பாள். வருஷத்தில் ஒரே நாள். மற்ற நாளெல்லாம் எங்கோ ஒளித்து வைத்துவிடுவாள். நான் போய்க் கேட்காத மாதம் இல்லை. காலில் விழாத குறை. வெட்கத்தை விட்டு அழுதும் பார்த்தேன்.

"மதாம் என் கையில குடுத்தாங்க மொதலாளி. நான் செத்தா என் பொட்டியிலயே வச்சிப் பொதைக்கட்டும்," என்று சிரிப்பாள். அது மண்ணுக்குள் போகும் என்பதை அவள் அத்தனை லேசாகச் சொல்வாள்.

போன புதன்கிழமை மத்தியானம் போனேன். கஞ்சி வைப்பதற்காக வேலிகாத்தான் விறகு அடுக்கில் கையை விட்டவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"முள்ளு," என்றாள்.

பன்னிரண்டு வருஷமாக என் காதில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். விறகுக்குள்தான் ஒளித்திருக்கிறாள் என்று பாய்ந்து போய்க் கட்டைகளைத் தள்ளினேன். கறுப்பாக, வெள்ளை வளையம் போட்டு, விரல் தடிமனில் ஒன்று நழுவி வேலிப் பக்கம் போயிற்று. கட்டுவிரியன். வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறவன், எனக்குப் பாம்பு தெரியும். அதன் கடி பெரிதாக வலிக்காது என்பதும் தெரியும். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"முள்ளு குத்திடிச்சி மொதலாளி."

"முள்ளுதான்," என்றேன். "போயி படு ஆரோக்கியம்மா. வெறவ நான் எடுத்துத் தரேன்."

வாசலில் என் அம்பாசிடர் நின்றது. அங்கிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். விரியன் விஷம் மெதுவாகத்தான் ஏறும், அரை மணி தேடிவிட்டுக் கூட்டிப்போகலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விறகு முழுவதையும் கலைத்தேன். கூரைச் செருகல், அடுப்படி, அரிசிப்பானை எல்லாம் பார்த்தேன். அரை மணி ஒரு மணியாயிற்று. அவள் படுத்திருந்த இடத்தில் மட்டும் தேடவில்லை. ஒரு பெண்பிள்ளை படுத்திருக்கும்போது அது முறையில்லை.

மூன்று மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். நான்கு மணிக்கு இமை தொங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். முள் குத்தியது என்று சொன்னேன்.

"இன்னா மொதலாளி, முள்ளு குத்துனா கண்ணு சொருவுமா? எங்க அண்ணன வண்டி கட்டச் சொல்லட்டா?"

"அசதி, தூங்கட்டும். வேணும்னா என் காரு நிக்குது," என்றேன். காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் நிம்மதியாக மாடு பிடித்துக் கட்டப் போனாள்.

இனிமேல்தான் திருட்டு விஷயம் வருகிறது. ஆரோக்கியம் என் கையைப் பிடித்தாள். நாக்கு குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கிற்று.

"சொந்தக்காரங்ககூட இப்பிடிப் பக்கத்துல ஒக்கார மாட்டாங்க மொதலாளி. எடுத்துக்கங்க," என்று தலைக்கு வைத்திருந்த துணி மூட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

பழைய சேலை மடிப்புக்குள் அது இருந்தது. சிங்கம், மூன்று பெருக்கல் குறி. அவளே கொடுத்தாள், ஐயா. நான் பிடுங்கவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காகவும் நான் அப்படி அழுததில்லை.

அப்போது மணி நாலரை இருக்கும். அப்போதும் காரில் ஏற்றியிருக்கலாம். சாவியைக் கையில்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பாம்பு என்று சொல்லியிருப்பார்கள். பிழைத்து எழுந்தால், தெரிந்திருந்தும் ஏன் முள் என்று சொன்னாய் என்று கேட்பாள். கேட்ட வாயோடு, கொடுத்ததையும் திருப்பிக் கேட்பாள். அப்புறம் கோகிலாம்பாள் எப்படி வருவாள்? சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈ விரட்டினேன். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்த முள்ளை விபூதி போட்டுத் துலக்கி, பல் கவிழ்த்து, அதன் இடத்தில் வைத்தேன். சுத்துக்கேணிக்கு ஆள் அனுப்பினேன். பதில் வருவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். கோகிலாம்பாள் வந்தால் மாடிக்கு மட்டும் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள்.

சொன்னபடி ஒன்றையும் மறைக்கவில்லை. ஒன்று மட்டும் பாக்கி. புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஆரோக்கியத்துக்கு மூச்சு இழுத்தது. கண் திறக்கவில்லை. என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி, முள்ளுதானே?" என்றாள். சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"முள்ளுதான் ஆரோக்கியம்மா, தூங்கு," என்றேன். பாவம், பயந்துகொண்டே சாகக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன்.