கத்தாமல் விற்ற பங்கு

கொழும்பு ரயிலில் எனக்கு எதிரே மூன்று பேர். ஒருவர் நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்து அப்பா. அடுத்தது அவர் மகள். கொழும்புப் பங்குச் சந்தையில் கம்ப்யூட்டர் வேலை. மூன்றாவது, பேராதனையில் ஏறிய யாழ்ப்பாணத்தவர். அவளோடு வேலை செய்பவர்.

சந்தையில் கத்தி விலை சொல்வதை விட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரம் தொடங்கிய அன்று, தமிழ்ப் பெண் என்று அவளைச் சோதனைச் சாவடியில் பிடித்துப் பொலிசில் வைத்துவிட்டார்களாம். விட்டதும் அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். இப்போதுதான் திரும்புகிறாள்.

"கத்தாம எப்புடிங்க பங்கு விப்பாங்க?" என்றார் அப்பா.

"அண்டைக்கும் கத்தினவைதான் ஐயா. பழக்கதோஷம். கத்திப்போட்டுத்தான் பட்டனை அமத்தினவை" என்றார் யாழ்ப்பாணத்தவர்.

மகள் சிரிக்கவில்லை. "அது சரிண்ணே. சந்தை முடிஞ்சதும் வாங்குனவங்க பேருக்குப் பங்கை மாத்துற புரோகிராம் நான் எழுதுனது. அது ஓடுச்சா?"

"ஓடினது தங்கச்சி. முந்தி எங்களுக்கு விடியுமட்டும் இழுக்கும். அண்டைக்குத் தேத்தண்ணி ஆறுறதுக்கு முதல் முடிஞ்சுது."

"நம்ம புள்ள எழுதுனதுங்க!" அப்பா பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"இருங்கப்பா. தப்பாப் போய்க் கையால திருத்துனது எத்தனைண்ணே?"

கடுகண்ணாவையில் சோதனைக்கு ஆமிக்காரர் ஏறினார்கள். மூவரும் அடையாள அட்டையை நீட்டினார்கள். ஆமிக்காரர் இறங்கிப் போனதும் அவள் மறுபடி கேட்டாள்.

"எத்தனைண்ணே?"

"சைபர்."