பக்குவமாகச் சொன்னேன்

இந்த அறையில் மின்விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது. எனக்கு ஒன்றுமில்லை. மூலையில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்கிறாரே, அந்த அம்மாவுக்குத்தான் குளிர்கிறது. உங்களிடம் சொல்லத் தயங்குகிறார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நானே குறைத்துவிடுகிறேன். எனக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது.

என்னை யாரும் ஸ்டேஷனுக்கு அழைத்துவரவில்லை, நானாகத்தான் வந்தேன். எங்கள் சலவை ஆலையில் பிழிகிற மெஷினில் மாட்டி இறந்துபோனவரை ஆலையில் எல்லோரும் சின்னவர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சாவுக்கு அவருடைய சகலையான எங்கள் மெக்கானிக்தான் காரணம் என்று, அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். இரண்டு பேர் மனைவிகளும் கூடப்பிறந்த அக்காள் தங்கை. நேற்று சாவு வீட்டு வாசலில் தங்கை தன் அக்காளை உள்ளே விடவில்லை. "உன் புருஷன்தான் கொன்னான், நீ எதுக்கு அழறே" என்று கேட்டாள். அக்காள் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் தெருவில் நடந்து போனாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை என்றாலே எனக்கு ஆகாது.

எங்கள் ஆலையை நீங்கள் வந்து பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள்தான் எங்கள் பிழைப்பு. அந்த இரைச்சலில் தண்ணீர் கொடு என்று கேட்டாலே சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கும். போதாக்குறைக்கு ஆவியும் வெக்கையும். மடிப்புப் பகுதிக்கு நான் சூப்பர்வைசராக வந்த புதிதில் யாராவது யார் சட்டையையாவது பிடித்துக்கொண்டே நிற்பார்கள். நான் நடுவில் போய் நின்றேன். இவர் சொன்னதை அவரிடம் அப்படியே கொண்டுபோகாமல், சூட்டைக் கொஞ்சம் ஆறவைத்துக் கொண்டுபோனேன். சோம்பேறி என்று ஒருவர் திட்டினால், உங்களுக்கு உடம்பு முடியவில்லையோ என்று கேட்கிறார் என்பேன். அவ்வளவுதான் வித்தை. கொஞ்ச நாளில் ஆலை அடங்கியது. முதலாளி எனக்குத் தனி மேசை போட்டு, பணியாளர் நலன் என்று ஒரு பொறுப்பையும் கொடுத்தார். ஆட்கள் வைத்த பெயர் பஞ்சக்கா. எதையும் பஞ்சில் பொதிந்துதான் கொடுப்பேனாம். கேலிதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். என் கணவரும் மகளும் நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகிறது. அவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் நான்தான் சேர்ப்பேன். வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. சமீபத்தில் அவள் அப்பாவுக்கே நேராகப் போன் செய்துவிட்டாள். நல்லவேளை, போன் என் கையில் இருந்தது.

அந்த அம்மா விசிறியை மறுபடி கூட்டிவைத்துவிட்டார் பாருங்கள். பாவம், கூச்சப்படுகிறார். நீங்களும் அவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

சின்னவரை ஆலையில் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதே மெக்கானிக்தான். சகலைகள் இருவரும் ஒட்டும் உறவுமாகத்தான் இருந்தார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்தில் நாலு பேர் முன்னால் மெக்கானிக், "இவன் என் தயவுல சாப்பிடறவன்" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகச் சொன்னாராம். சின்னவர் அப்படியே தட்டை வைத்துவிட்டு எழுந்தார். அன்றோடு பேச்சு நின்றது. அக்காளும் தங்கையும் புருஷன்மாருக்குத் தெரியாமல் மருந்துக்கடை வாசலில் நின்று பேசிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.

மெக்கானிக்கிடம் போய்ப் பேசினேன். ஆள் வணங்காமுடி, மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. வராததை அவருக்காக நான் சொன்னேன். அண்ணன் அன்றைக்குச் சொன்னதை நினைத்து வருந்துகிறார், நேரில் சொல்ல வெட்கப்படுகிறார் என்று சின்னவரிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்த பிறகு, இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மெக்கானிக்கிடமும் ஒன்று கொண்டுபோனேன். சின்னவர் உங்களைக் கூடப்பிறந்தவராகத்தான் நினைக்கிறார் என்றேன். மெக்கானிக் துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தார். அதன்பின் என் வழியாக நலம் விசாரிப்பதும், குழந்தைகளைக் கேட்பதுமாக ஆனார்கள். அதில் பாதி அவர்கள் சொன்னது, பாதி நான் சேர்த்தது. எது யாருடையது என்று பிற்பாடு எனக்கே மறந்துவிட்டது.

இருவருக்கும் நேரில் பேசுகிற ஆசை வந்ததுதான் வினையாகிவிட்டது. ஒருநாள் தேநீர் நேரத்தில் சின்னவர் சிரித்துக்கொண்டே, "இனிமே உங்களுக்கு எதுக்குக்கா சிரமம், நானே அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். பேசினால் முதல் பேச்சிலேயே, நான் எப்போது வருத்தப்பட்டேன் என்று மெக்கானிக் கேட்டுவிடுவார். சின்னவர் மனம் அதைத் தாங்காது. என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, அதை அந்த அம்மா எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடிப்பேன். மேசையில் உட்கார்ந்தால் இவர் எங்கே, அவர் எங்கே என்று கண் தேடும். இருவரும் ஒரே வழியில் எதிரெதிரே வந்தால் ஓடிப்போய் ஒருவரை ஏதாவது வேலை சொல்லித் திருப்பிவிடுவேன். வீட்டுக்குப் போனால், இப்போது போனில் பேசிக்கொண்டிருப்பார்களோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். கடைசியில் முதலாளியிடம் சொல்லி இருவரையும் வேறு வேறு ஷிப்டில் போட்டேன். ஒருவர் போனபிறகு மற்றவர் வருவார். இடையில் நான் மட்டும் இருப்பேன். பணியாளர் நலனுக்காக என்று காரணம் சொன்னேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

சம்பவம் நடந்த நாளில் மெக்கானிக் தன் ஷிப்ட் முடிகிற சமயத்தில் அந்த மெஷினைப் பார்த்தார். உள்ளே உருளை சுற்றும்வரை மூடி திறக்காதபடி ஒரு பூட்டு இருக்கும். மூடி திறந்தால் உருளை நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் கையை விடுவார்கள். அந்தப் பூட்டு தேய்ந்துபோயிருந்தது, மாற்றுப் பூட்டு மறுநாள்தான் வரும். சுவிட்சை அணைத்து எச்சரிக்கை அட்டை மாட்டினேன், சூப்பர்வைசரம்மாவிடமும் சொன்னேன் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்து பார்த்தபோது அட்டை இல்லை. எனக்கு நினைவில்லை என்று நானும் சொன்னேன். பேச்சுவார்த்தை இல்லாத சகலைகள், அதனால் பகையில் செய்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

அவர் சொன்னது உண்மை. "அந்த மடையன்கிட்ட சொல்லுங்கம்மா, இந்த மெஷின் பக்கமே போகக் கூடாது. மூடி தொறந்தாலும் உள்ள சுத்துது. கைய விட்டா ஆளையே இழுத்துரும்" என்றார். கையைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "வேணாம், நானே இருந்து சொல்லிட்டுப் போறேன். அவன்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு."

"நீங்க கிளம்புங்க. நான் பக்குவமா சொல்லிடறேன்" என்றேன்.

அவர் போனதும் அட்டையைப் பார்த்தேன். 'மூளை இருந்தால் இதைத் தொடாதே' என்று பெரிதாக எழுதியிருந்தார். சின்னவருக்கு அந்தக் கையெழுத்து நன்றாகத் தெரியும். முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். பார்த்துப் பார்த்துக் கட்டிய உறவு ஒரு அட்டையால் இடிந்துபோகும். கழற்றினேன். நல்ல வார்த்தையாக வேறொன்று எழுதி மாட்டலாம் என்றுதான் கழற்றினேன்.

சின்னவர் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். புதுச்சட்டை போட்டிருந்தார். அண்ணனை எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடிவந்தாராம். மெக்கானிக் அப்போதுதான் பின்வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கிளம்பி வெகுநேரம் ஆகிறது என்று சொன்னேன். சின்னவர் முகம் வாடிவிட்டது. பொறுக்காமல், "உங்கள விசாரிச்சாரு. பாத்து வேலை செய்யச் சொன்னாரு" என்றேன். சொல்ல வேண்டியது அதிலேயே அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் முகம் மறுபடி மலர்ந்தது. "நாளைக்கு அவர் வீட்டுக்கே போயிடறேன்க்கா. இனிமே தள்ளிப்போட முடியாது."

போய் அந்த மெஷினின் சுவிட்சைப் போட்டார். நான் மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஒரு தடவை பிழிந்து முடிக்கிற நேரத்தில் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கிக் கையை உள்ளே கொண்டுபோனார். உள்ளே சுற்றுவது எனக்குத் தெரிந்தது. ஓர் அதட்டல் போட்டிருந்தால் கையை எடுத்திருப்பார். ஆலையில் யாரும் யாரையும் அதட்டக் கூடாது என்று நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. பதிலுக்குச் சிரித்தேன். நாளைக்கு இவர் அந்த வீட்டுக்குப் போகமாட்டார் என்று தோன்றியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கணம்தான் என் மனம் நிலைகொண்டது. கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் ஓடினேன்.

அட்டை இதோ, கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். கழற்றியது நான், சொல்லாமல் விட்டது நான், பார்த்துக்கொண்டு நின்றது நான். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மா இப்போது அடித்த சொல் இங்கிருந்தே தெரிகிறது. கொலை என்பது மிகவும் கடுமையாக இருக்கிறது. தங்கை இதைப் படித்தால் என்ன ஆவாள்? மனத்தாங்கல் வராமல் தடுக்கப் போய் என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும். நீங்கள் சொல்ல வேண்டாம், அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. பக்கத்து அறையில் இருமுவது மெக்கானிக்தானே? சின்னவர் அவரைப் பார்க்கத்தான் அன்று ஓடிவந்தார், மறுநாள் வீட்டுக்கே வருவதாக இருந்தார் என்றெல்லாம் நீங்கள் போய் அப்படியே சொல்லிவிடாதீர்கள். மனிதர் உடைந்துபோவார். ஒரு நிமிடம் என்னை உள்ளே விடுங்கள், நான் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்.