எட்டு வாயும் ஒரே மூச்சு

கத்தேல்ல பிள்ளை. என்ரை குரலே இப்பிடித்தான். இரும் முதல்ல. தேத்தண்ணி குடியும். வில்லியே லே பெல்லிலையிருந்து ரெயினேறி, பாரிசுக்கு வந்து கார் து நோர் ஸ்டேசனிலை இறங்கி, லூயி-பிளாங்கிலை இருக்கிற கடையெல்லாம் எட்டிப் பாத்து என்னைப் பிடிச்சிருக்கிறீர். இனி எழும்பி ஓடவே போறன்?

ஓம், உம்மடை போன் வந்ததுதான். பதினொரு தரம் வந்தது. டிலானி, றூபன்ரை மனிசி எண்டு பேர் விழுந்துது. வேணுமெண்டுதான் எடுக்கேல்ல. சரியே?

நான் பயந்தாங்கொள்ளியோ? ஆர் சொன்னது, றூபனே? நீராத்தான் சொல்லுறீர். சொல்லும், சொல்லும். இருவத்திரண்டு வருசமா ஒபேர்வில்லியேயிலை அந்தக் கராஜிலை நிக்கிறன். எலோடியின்ரை தேப்பன் முதலாளியா இருக்கேக்கை வந்தனான். இப்ப அவள்தான் பத்ரோன். என்னைவிட இருவத்தைஞ்சு வயசு குறைவு. முசியே மடுத்தீன், முசியே மடுத்தீன் எண்டு தேனொழுகக் கதைப்பாள். நான் அவளுக்குப் பயமில்லை. ஒருத்தருக்கும் பயமில்லை.

உம்மடை மனுசன் என்ன பிழை செய்தவன் எண்டுதானே கேக்கிறீர். சொல்லுறன். அடியிலையிருந்து சொன்னால்தான் விளங்கும். குறுக்கை கேளாதையும்.

மாசி மாசம் ஒரு பல்டொக்டர் கார் கொண்டுவந்தவர். வெள்ளைக்காரன், அம்பத்தைஞ்சு வயசிருக்கும். பழைய அமெரிக்கக் கார், அறுபத்தொன்பதாமாண்டு, சிவப்பு, கட்டில் மாதிரி அகலம். எட்டு சிலிண்டர். மற்றக் காருகளுக்கு ஒரு காபரேட்டர்தான் இருக்கும். இதுக்கு நாலு. ஒவ்வொண்டுக்கும் ரெண்டு வாய். எட்டு சிலிண்டருக்கு எட்டு வாய்.

காபரேட்டரெண்டால் இஞ்சினுக்கு மூக்கும் வாயும் மாதிரி, பிள்ளை. பெற்றோலையும் காத்தையும் கலந்து உள்ளுக்கை விடுறது. எட்டும் ஒரே மூச்சா இழுக்கவேணும். ஒண்டு கூட இழுத்தாலோ, ஒண்டு குறைய இழுத்தாலோ முழு இஞ்சினும் நொண்டும். மேலாலை தும்மும். தும்மலெண்டால் நெருப்புத் தும்மல், விளங்குதே? ஒவ்வொரு வாயிலையும் ஒரு சின்னக் கருவியை வைச்சு, முள்ளு எங்கை நிக்குதெண்டு பாத்து, ஸ்குருவை அரைச் சுத்து, கால் சுத்துத் திருகித் திருகி எட்டையும் ஒண்டாக்கவேணும். ஒண்டைத் தொட்டால் மற்றது மாறும். பொறுமையில்லாதவன் கிட்டவும் போகக்கூடாது.

அந்த மனிசன், அந்த டொக்டர், வீட்டிலை இன்ரநெற்றிலை பாத்துப் பாத்துத் தானே எல்லா ஸ்குருவையும் திருகிப்போட்டுக் கொண்டுவந்தவர். கொஞ்சம்தான் தொட்டனான் எண்டு சிரிக்கிறார். நான் போய் உம்மடை வாடிக்கைக்காரன்ரை பல்லைக் கொஞ்சம் நோண்டிப்போட்டு வந்து சிரிச்சால் எப்பிடியிருக்கும் எண்டு கேட்டிருக்கவேணும். கேக்கேல்ல. ஓம் முசியே, ஓம் முசியே எண்டனான்.

மூண்டு நாள். மூண்டு முழு நாள் நான் அந்தக் காரோடை நிண்டனான். முதல் ரெண்டும் சரிவரும், மூண்டாவது காபரேட்டரிலை ஒரு வாய் ஏறி நிக்கும். அதை இறக்கினால் பக்கத்து வாய் விழும். திரும்பவும் முதல்லையிருந்து. அடி முதுகு விறைச்சுப்போச்சு. எலோடி மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வந்து கண்ணாடிக் கதவுக்கை நிண்டு பாப்பாள். ஒண்டும் சொல்லமாட்டாள். பாத்திட்டுப் போவாள். அதுதான் எனக்கு விசரைக் கிளப்பினது. பேசியிருந்தாலும் பரவாயில்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. காலமை வந்து சொல்லுறாள், முசியே மடுத்தீன், நீங்கள் அந்த வானுக்கு பிரேக்கைப் பாருங்கோ, இதை றூபன் ஒருக்கால் பாக்கட்டும் எண்டு. எல்லாருக்கும் முன்னாலை. பிரேக்! புதுசா வாறவனுக்குக் குடுக்கிற வேலை!

உம்மடை மனுசன் எங்களிட்டை வந்து ரெண்டு வருசம்தானே. அதுக்கு முன்னம் சேன்-தெனியிலை மோட்டார்சைக்கிள் கராஜிலை நிண்டவன். அந்தப் பழைய பெரிய மோட்டார்சைக்கிளுகளுக்கும் நாலு நாலு காபரேட்டர். அவனுக்கு அது கைப்பழக்கம். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் கோவம் வரும்தானே. வந்து, கையைத் துடைச்சு, விசிலடிச்சுக்கொண்டு குனியிறான். விசில்! நான் மூண்டு நாள் மூச்சுவிடாமல் நிண்ட இடத்திலை.

ஒண்டரை மணித்தியாலம், பிள்ளை. மூண்டாவது காபரேட்டரைக் கழட்டினான். உள்ளுக்கை இருக்கிற தண்டு மயிரிழை முறுகியிருந்ததாம். கண்ணுக்குத் தெரியாத முறுகல். நிமித்திப் பூட்டினான். கருவியை வைச்சுத் திருகினான். பிறகு இஞ்சினை விட்டான் பாரும். எட்டு சிலிண்டரும் ஒரு குரலிலை. பக்கத்திலை பெயின்ற் அடிக்கிற போர்த்துக்கீசனும் வேலையை விட்டிட்டு ஓடி வந்திட்டான். எலோடி கைதட்டுறாள். என்னைத் திரும்பியும் பாக்கேல்ல. றூபன் என்னைப் பாத்தான். அண்ணை, தண்டுதான் பிழை, உங்களிலை பிழையில்லை எண்டான்.

நல்லாத்தான் சொன்னான். அதுதானே எனக்குத் தாங்க ஏலாமல் போனது! என்னைப் பாத்து நக்கலடிச்சிருந்தால் திருப்பிக் குடுத்திருப்பன். இரக்கப்பட்டான். என்னிலை!

சரி. சரி. கத்தேல்ல. தம்பி, ரெண்டு றோல்ஸ் கொண்டுவாரும். இல்லை, நீர் சாப்பிடும். முகத்தைப் பாத்தால் காலமை ஒண்டும் தின்னாமல் வந்த மாதிரிக் கிடக்கு.

அடுத்த நாள் சனி காலமை டொக்டர் வந்து காரை எடுத்தவர். மிச்சம் உமக்குத் தெரியும். கராஜிலையிருந்து பத்து நிமிசம் போயிருக்கமாட்டார். சிவப்பு லைற்றிலை நிண்டிருக்கிறார். பச்சை விழ அக்சிலேற்றரை ஒருக்கால் அமத்தியிருக்கிறார், இஞ்சின் தும்மியிருக்கு, முன் மூடிக்குள்ளாலை நெருப்பு. மனிசன் இறங்கி ஓடாமல் மூடியைத் திறக்கப் போயிருக்கிறார், காரிலை இருக்கிற ஆசையிலை. வலது கை. முழங்கை வரைக்கும் எரிஞ்சு போச்சு. பல்டொக்டருக்கு வலது கை. இண்டைக்கும் விரல் மடியுதில்லையாம்.

எரிஞ்ச காரைப் பாக்க இன்சூரன்ஸிலையிருந்து ஒருத்தன் வந்தவன். கழுத்துப் பட்டியும் கிளிப் போட்ட பேப்பருகளும். இஞ்சின் தும்மினதெண்டு டொக்டர் சொல்லுறார், அப்ப காபரேட்டர் பிழையா வைச்சிருக்கு, கடைசியா ஆர் வைச்சது? றூபன். எழுதினான், போட்டான். எலோடியும் அவன் சொன்னதைத் திருப்பி எழுதி, பாரதூரமான பிழை எண்டு றூபனை வேலையாலை நிப்பாட்டிக் கடிதம் குடுத்தாள். உமக்கு அந்தக் கடிதம் தெரியும். உங்கடை விசாக் கார்த் ஆவணி மாசம் முடியுது எண்டும் எனக்குத் தெரியும். வேலைக் கடிதமில்லாமல் பிரிபெக்தூர் கந்தோருக்குப் போய் நிண்டால் என்ன சொல்லுவாங்கள் எண்டும் தெரியும். ஒண்டும் தெரியாமல் நான் இஞ்சை இருந்து தேத்தண்ணி குடிக்கேல்ல!

என்னட்டையும் கேட்டவங்கள், ஓம். கடைசியா அந்த இஞ்சினைத் தொட்டது றூபன்தானே எண்டு. நான் தலையாட்டினனான். வாயாலை ஒண்டும் சொல்லேல்ல. தலையை மட்டும் இப்பிடி.

என்ன? சொல்லும். இல்லை, அவன் வைச்சதிலை பிழையில்லை. ஒரு நூல் பிழையும் இல்லை. குளிருக்கை, மாசி மாசத்திலை, சூடேறாத இஞ்சின் ஒருக்கால் தும்மத்தான் செய்யும். எவ்வளவு திறமா வைச்சாலும் தும்மும். சும்மா தும்மினால் கார் எரியுமே? தும்மலுக்குப் பத்திறதுக்கு வெளியிலை பெற்றோல் கிடக்கவேணும். அந்தப் பெற்றோல் எங்காலை வந்தது? இதை ஒருத்தன் கேக்கேல்ல. அவ்வளவு படிச்சவன், கழுத்துப் பட்டி கட்டினவன், கேக்கேல்ல. எலோடி கேக்கேல்ல. றூபன் கேட்டவன். வீட்டிலையும் சொல்லியிருப்பானே? ஓம், பாத்தீரே. நான் நட்டெல்லாம் இறுக்கினனான் அண்ணை, எப்பிடி ஒழுகினது எண்டு என்னட்டைக் கேட்டவன். கண் கலங்கிப்போய்க் கேட்டவன். நீ மறந்திருப்பாய் எண்டனான். நான்தான் சொன்னனான். அதுக்குப் பிறகு அவனுக்குத் தன்னிலையே சந்தேகம் வந்திட்டுது, என்ன? நித்திரையில்லையாம். வீட்டிலை காஸ் அடுப்பையும் ரெண்டு மூண்டு தரம் பாக்கிறானாம். நீர்தானே வொய்ஸ் மெசேச்சிலை சொன்னனீர். போன் எடுக்காட்டிலும் உம்மடை மெசேச் எல்லாம் கேட்டனான்.

அவன் மறக்கேல்ல, டிலானி.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனவை. நான் போகேல்ல. எனக்கு நம்ப ஏலாமல் கிடந்தது. எங்கையோ ஒரு சுத்துமாத்து செய்திருப்பான், கண்டுபிடிச்சு எலோடியைக் கூப்பிட்டுக் காட்டுவம் எண்டு நினைச்சன். இஞ்சினை விட்டு, கருவியை எடுத்து, ஒவ்வொரு வாயா வைச்சுப் பாத்தன். எட்டிலையும் முள்ளு ஒரே இடத்திலை நிண்டுது. அசையேல்ல. என்ரை வாழ்க்கையிலை நான் அப்பிடி ஒருக்காலும் வைச்சதில்லை. அப்பவும் மனம் ஆறேல்ல. இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு மூண்டாவது காபரேட்டரின்ரை பெற்றோல் குழாயைக் கழட்டி, மேல் தட்டைத் திறந்து பாத்தன். கழட்டிப் பூட்டினவன், உள்ளுக்கை ஏதாவது பிழை விட்டிருப்பான்தானே? விடேல்ல. எல்லாம் அச்சொட்டா இருந்துது.

கோவமெண்டால் கோவம். தட்டைப் பூட்டினன். குழாயை வைச்சு நட்டை விரலாலை மட்டும் சுத்தினன். இறுக்கிற ஸ்பனர் பக்கத்திலைதான் கிடந்தது. எடுக்கேல்ல. வேணுமெண்டு விட்டனானோ, மறந்தனானோ எண்டு நீர் கேட்டால், ரெண்டு மாசமா நானும் அதைத்தான் கேக்கிறன். முன் மூடியைப் போட்டுட்டு வெளியிலை போய் சிகரெட் பத்தினனான்.

ஓம். நான்தான்.

இண்டைக்குக் காலமை எலோடிக்குச் சொன்னனான். கதவைச் சாத்திப்போட்டு மெல்லமாச் சொல்லுறாள், முசியே மடுத்தீன், இது முடிஞ்ச விசயம், றூபன் போயிட்டான், நீங்கள் இருக்கிறியள், திரும்பக் கிளறினால் கராஜையே மூடவேணும் எண்டு. அதைக் கேட்டிட்டுத்தான் வேலை உடுப்போடை கராஜை விட்டு இறங்கி வந்தனான். அந்த இன்சூரன்ஸ்காரனுக்கு ரெயினிலை வரேக்கையே போனடிச்சுச் சொல்லிப்போட்டன். நாளைக்கு பத்து மணிக்கு வரட்டாம், எழுதிக் கையெழுத்து வைக்கவேணுமாம். டொக்டரிட்டையும் போகவேணும். அந்தக் கையைப் பாக்க எனக்குத் தைரியமில்லை, எண்டாலும் போகவேணும்.

அழாதையும். பேசிறதெண்டால் பேசும், நாலு சனத்துக்கு முன்னாலை பேசும், நான் இருக்கிறன்.

றூபன் இப்ப வீட்டிலையே? இல்லை, போனிலை வேண்டாம், அடியாதையும். அவன் இதை என்ரை வாயாலை கேக்கவேணும். எழும்பும், நானும் உம்மோடை வாறன்.