பிரென்னர் கடை நிலவறை

எங்கள் ஆற்றங்கரை வார்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நான் போகாமல் இருந்ததில்லை. பிணத்தின் அருகே முழங்காலிட்டு ஜெபம் சொல்லி, அவர்கள் ஊற்றித் தரும் விஸ்கியைக் குடித்துவிட்டுத்தான் வருவேன். இந்தக் கார்னீலியஸ் ஹெஃபர்னன் மூன்று முறை மேயரானது மேடைப் பேச்சால் அல்ல, ஐயா. நீங்கள் படித்த வழக்கறிஞர்; உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

1909 தேர்தல் காலையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். தேர்தலன்று துறைமுகக் கூலிகளைப் பிரென்னரின் மதுக்கடை நிலவறையில் வைத்திருப்போம். சாராயம், பன்றி இறைச்சி, குளிருக்கு அடுப்பு எல்லாம் உண்டு. வெளியே விட்டால் எதிர்க்கட்சிக்காரன் தள்ளிக்கொண்டு போய்விடுவான், அதனால் வெளிப்பக்கமாகப் பூட்டுவது வழக்கம். நாலைந்து பேராக அழைத்துப்போய், ஆளுக்கு ஒரு அடுத்தவன் பெயரைச் சொல்லிக்கொடுத்து, ஓட்டுப் போட்டதும் திரும்ப உள்ளே விடுவோம். ஊருலகத்தில் நடக்காததா?

அன்று அடுப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. நான் சாவியோடு தெருவிலிருந்து படியிறங்கிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து மார்ட்டி கீகன் கூப்பிட்டான். அவன் கல்யாணத்துக்கு நான்தான் மாப்பிள்ளைத் தோழன்.

“கார்னி, கதவத் தொறப்பா. ஒரே புகை. பயலுக இருமுறானுங்க.”

“கொஞ்சம் பொறு மார்ட்டி. எதிர்ல பத்திரிகைக்காரன் கேமராவோட நிக்கிறான்.”

“அவன் கெடக்கான். மூச்சு முட்டுதுய்யா.”

“நீ எப்பவுமே அவசரக்குடுக்கை. அவன் போகட்டும்.”

அந்த நிலவறைக்கு இருப்பதே தெருப்பக்கக் கதவு ஒன்றுதான். திறந்தால் அத்தனை பேரும் அவன் படத்தில் விழுவார்கள். என் பதவி அன்றோடு போச்சு. அவனோ ஒரு சுருட்டை முடித்து இன்னொன்றைப் பற்றவைத்தான். மேலே அவன், கீழே இவர்கள். நடுப்படியில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டை யாரும் கேட்பதில்லை. தட்டுவது நின்றதும், புகை அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவன் சாப்பிடப் போன பிறகு திறந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

குடிபோதையில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள் என்று போலீஸ் முடித்துவிட்டது. அந்தத் தாழ்ப்பாளைப் பிரென்னர் அன்று மதியம்தான் கதவின் உட்புறம் அடித்தான். நான் சொல்லித்தான் அடித்தான்.

எல்லார் வீட்டுக்கும் போனேன். மார்ட்டியின் மனைவி நோரா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருக்கீங்கங்கிற தைரியந்தான் மேயரய்யா, எங்களுக்கு வேற யாரு?” என்று அழுதாள். நகர மன்றத்தில் தரை துடைக்கும் வேலை வாங்கிக்கொடுத்தேன். தினமும் காலையில் என் அறை வாசலில்தான் துடைத்துக்கொண்டிருப்பாள். அவளைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. வேறொருவன் மேயரானால் அந்தத் தாழ்ப்பாள் விஷயத்தைத் தோண்டுவான், ஆகவே தோற்கவும் முடியாது. ஊர்விட்டு ஊர் போகவும் முடியாமல் இத்தனை காலம் அந்த நாற்காலியிலேயே கிடந்தேன், ஐயா.

அவர்கள் என்னைச் சபித்துக்கொண்டே செத்திருப்பார்கள் என்கிறீர்கள். எங்கள் வார்டில் செத்தவன் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நாங்கள் அடிப்பதில்லை. அடுத்த தேர்தலில் மார்ட்டி உட்பட அத்தனை பேரும் எனக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.